இரண்டாவது ஆணி

நான் வேலை செய்த லைனுக்கு மேலே ஒரு பலகை தொங்கும். அதன் மேல் வரிசையில் அன்றைக்கு முடிக்க வேண்டிய எண்ணிக்கை எரியும். கீழ் வரிசையில் நாங்கள் முடித்த எண்ணிக்கை. கீழ் எண் மேல் எண்ணைத் தொட்டதும், அதுவரை சிவப்பாக இருந்தது பச்சையாக மாறும். கார்களுக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைச் செய்கிற தொழிற்சாலை அது. நீளமான மரப்பலகையில் வயர்களை வரிசைப்படி பதித்து, கறுப்பு டேப்பால் சுற்றி, அடுத்தவளிடம் தள்ளிவிட வேண்டும். புதிதாக வருகிறவள் பச்சை வந்த பிறகும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நிற்பவள் முழங்கையால் இடிப்பாள்.

"பச்ச வந்துருச்சில்ல. அப்புறம் எங்க ஓடுற, பஸ்ஸப் புடிக்கவா?"

எண்ணிக்கையைத் தாண்டி முடித்தால் அடுத்த வாரம் மேல் எண் ஏறிவிடும். அதனால் பச்சைக்குப் பிறகு யாருடைய கையும் ஓடாது. டேப் ஒரு சுற்றுத் தளர்வாக விழும். பேச்சு அதிகமாகும். யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தருவதில்லை. கொஞ்ச நாளில் கையே கற்றுக்கொண்டுவிடும்.

அந்தப் பழக்கம் கையோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் படித்த முதல் ஆள் நான். அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குள் போயிருக்கிறார், செங்கல் சுமந்துகொண்டு. கொத்தனாருக்குக் கையாளாக அவர் வேலை பார்த்த கட்டடங்களில் இரண்டு பள்ளிக்கூடங்கள் உண்டு. செய்யாறு பக்கம் பஸ்ஸில் போகும்போது அவற்றில் ஒன்றைக் காட்டி, "இந்த வராண்டா நான் போட்டது" என்பார். அம்மாவுக்குக் கையெழுத்து வராது. ரேஷன் கடையில் அவள் கட்டைவிரலை மையில் தொடும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன். அந்த வயதிலேயே எனக்குத் திமிர் இருந்தது. ப்ளஸ் டூ முடித்த கையோடு இருங்காட்டுக்கோட்டைக்கு வேலைக்கு வந்தபோது, டிகிரி இல்லாமல் ஊருக்குத் திரும்புவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முதல் வருடமே தபால் வழியில் பி.காம். சேர்ந்தேன்.

எங்கள் அறை இரண்டாவது மாடியில். ஐந்து பேர். ஒரு டியூப் லைட், ஒரு ப்ளக் பாயிண்ட், அதற்கு அடியில் ஒரு மூலை. நான் படிக்க ஆரம்பித்ததும் அந்த மூலை எனக்கு என்று ஆகிவிட்டது. யாரும் கூடிப் பேசித் தீர்மானிக்கவில்லை. தென்காசிக்காரி ஒருநாள் தன் பாயைச் சுருட்டிக் கதவோரம் போட்டாள், அவ்வளவுதான். அவளும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே லைன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவள்.

மாடிக்குக் குழாயில் தண்ணீர் ஏறாது. காலையில் அரை மணி நேரம் வீட்டுக்கார அக்கா மோட்டார் போடுவார். கீழே பிடித்துக் குடம் குடமாகப் படியேற்ற வேண்டும். ஆளுக்கு ஒருநாள் முறை. நான் படிக்கத் தொடங்கிய பிறகு என் முறை வரும் நாட்களில் தென்காசிக்காரி குடத்தோடு கீழே போய்விடுவாள். நான் எழுந்தால், "நீ உக்காருட்டி. எனக்குப் படிக்கதுதான் கஷ்டம், கொடந்தூக்கதா கஷ்டம்?" என்பாள். மூச்சு வாங்க மேலே வந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி இறங்குவாள்.

இதற்கெல்லாம் பதிலாக நான் செய்தது ஒன்றே ஒன்று. சமையல் நேரத்தில் அன்றைக்குப் படித்ததைக் கதையாகச் சொல்வேன். அது எப்படி வழக்கமானது என்று நினைவில்லை. வெங்காயம் உரிக்கிறவர்கள், அரிசி களைகிறவர்கள், துணி மடிக்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கம்பெனிச் சட்டம் படித்த மாதங்கள்தான் அறையிலேயே மிகவும் கலகலப்பானவை.

"சட்டப்படி கம்பெனி ஒரு ஆளு" என்றேன் ஒருநாள். "அதுக்குப் பேர் உண்டு, சொத்து உண்டு, கேஸ் போடலாம், அது மேலயும் கேஸ் போடலாம். முதலாளி செத்தாலும் அது சாவாது."

ஆரணிக்காரி கத்தியை நிறுத்தினாள். அறையில் வாய் அவளுக்குத்தான் அதிகம். "அப்ப கல்யாணம் பண்ணிக்குமா?"

"பண்ணும். ரெண்டு கம்பெனி சேந்து ஒண்ணாகும்."

"மாமியாரு யாரு?"

"பங்கு வச்சிருக்கவங்க."

"பாத்தியா, அங்கயும் மாமியார் தொல்ல. அதான் நம்மள இந்தப் போடு போடுது அது. வூட்ல நிம்மதி இல்ல போல."

அன்றிலிருந்து ஷிப்டில் சூப்பர்வைசர் கத்தினால், "வுடு, அதுக்கு மாமியார் பிரச்சனை" என்று யாராவது முணுமுணுப்பார்கள். லைனே சிரிக்கும். வேறு அறைக்காரிகளுக்குக்கூட அந்தக் கதை பரவியிருந்தது. நான் பாடத்தைப் படித்தேன் என்பதைவிட அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே படித்தேன் என்பதுதான் சரி. பஸ்ஸில், கழிப்பறை வரிசையில், டேப் சுற்றும்போதுகூட யோசித்தேன்.

புள்ளியியல் தாளில் இரண்டு முறை தோற்றேன். அந்தத் தோல்விகூட அப்போது என்னைத் தள்ளிக்கொண்டுதான் போனது. மூன்றாவது முறை எழுதியதன் முடிவு கிறிஸ்துமஸுக்கு முன்பு வந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது போனில் பார்த்தேன். தென்காசிக்காரி எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கத்தினாள். பஸ் முழுக்கக் கைதட்டியது. டிரைவர் அண்ணன் என்னவென்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் ஹாரனை நீளமாக அடித்தார். முன்னால் போன லாரிக்காரர் திட்டினார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

மறுநாள் ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நிற்கும் நேரத்தில் லைன் லீடர் அண்ணன் என்னை முன்னால் வரச் சொன்னார். "நம்ம லைன்ல ஒரு டிகிரி" என்றார். அன்றிலிருந்து எனக்கு 'டிகிரி மேடம்' என்று பெயர். கேலிதான். ஆனாலும் கேட்க இனித்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டுடியோவில் வாடகைக் கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். அதைச் சட்டம் போட்டு ஊருக்குக் கொண்டுபோனேன். வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அப்பா ஆணி அடித்து மாட்டினார். அம்மா மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் கோவிலில் எனக்காக மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "அதான் முடிஞ்சிபோச்சே" என்றாள்.

பொங்கல் கழிந்து தொழிற்சாலையில் ஓர் அறிவிப்பு வந்தது. லைனில் வேலை செய்கிறவர்களில் டிகிரியோ டிப்ளமோவோ முடித்தவர்கள் தேர்வு எழுதி, தரம் பார்க்கும் பிரிவுக்குப் போகலாம். நிரந்தர வேலை. உட்கார நாற்காலி. ஒரு லைனுக்கு ஒருவரைத்தான் லீடர் பரிந்துரைக்கலாம். எங்கள் ஒப்பந்தமோ ஜூனில் முடிகிறது. இதற்குமேல் நீட்டமாட்டார்கள் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஊரில் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதை ஜூன் வரை நிறுத்திவைத்திருந்தார்கள். ஆக, இந்தத் தேர்வில் தேறினால் நான் இங்கே. இல்லாவிட்டால் ஊரில், யாரோ ஒருவர் வீட்டில். இவ்வளவு தெளிவாக என் வாழ்க்கையில் எதுவும் இருந்ததில்லை. நான் டிகிரி படித்ததே இப்படி ஒரு வாசல் திறக்கும் என்றுதான்.

எங்கள் லைனில் தகுதி உள்ளவர்கள் இரண்டே பேர். தென்காசிக்காரியும் நானும். லீடர் அண்ணன் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "நீங்களே பேசிச் சொல்லுங்க" என்றார். அவள் அங்கேயே சொல்லிவிட்டாள்.

"இவ பேரப் போடுங்கண்ணே."

வெளியே வந்ததும் நான், "ஏன்டி?" என்றேன்.

"எனக்கு உக்காந்து படிக்க வராது. பேனாவப் பிடிச்சா தூக்கம் வருது. நீன்னா எடுத்ததை முடிப்ப. நான் பாத்திருக்கம்லா."

அவளுக்கும் ஜூனில்தான் ஒப்பந்தம் முடிகிறது. அவளுக்கும் ஊரில் ஒரு தாய்மாமன் மகன் இருந்தான். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. எடுத்ததை முடிக்கிறவள் நான்தான்.

பயிற்சிப் பிரிவில் தடிமனாக ஒரு ஜெராக்ஸ் புத்தகம் கொடுத்தார்கள், ஓரத்தில் கம்பிச் சுருள் போட்டது. அளவு பார்ப்பது, பழுதை வகைபிரிப்பது, கொஞ்சம் புள்ளியியல். பாதிக்குமேல் எனக்குத் தெரிந்த கணக்குகள். நான் அதை என் மூலையில், ப்ளக் பாயிண்டுக்கு அடியில் வைத்தேன். தென்காசிக்காரி பாயை மறுபடி கதவோரம் போட்டாள். என் முறைக்குத் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு இறங்கினாள்.

நான் புத்தகத்தைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவது கடினம், ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. நோய் வரவில்லை, காதல் வரவில்லை, யாரும் தடுக்கவில்லை. முதல் பக்கத்தில் 'முன்னுரை' என்று இருக்கும். அதைப் படிப்பேன். இரண்டாவது பத்தியில் போனை எடுப்பேன். அதில் நான் போட்டிருந்த ஸ்டுடியோ படத்துக்கு யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். எட்டாம் வகுப்பு டீச்சர் ஒருவர் வாழ்த்து எழுதியிருந்தார். அதைப் பலமுறை படித்தேன். பிறகு புத்தகத்துக்குத் திரும்புவேன். மறுபடி முன்னுரை.

முதல் வாரம் களைப்பு என்று நினைத்தேன். மூன்று வருடம் ஓடியவளுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா? இரண்டாவது வாரம், இது எளிய பாடம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நினைப்பதை விட்டுவிட்டேன். உள்ளே ஒரு பயமும் இருந்தது. இதில் தோற்றால், பஸ்ஸில் கேட்ட கைதட்டலும் சேர்ந்து தோற்றுவிடும். எழுதாதவரை நான் ஜெயித்தவள். அது எவ்வளவு சுகமான இடம் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் மூலையை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. புத்தகம் மடியில் விரிந்திருக்கும். யாராவது உள்ளே வந்தால் ஒரு பக்கம் திருப்புவேன். அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆரணிக்காரி போனில் பாட்டுக் கேட்கும்போது எனக்காக மொட்டைமாடிக்குப் போவாள். வெயில் ஏறத் தொடங்கிய நாட்கள் அவை. மாடித் தரை சுடும். அவள் செருப்போடு நின்று கேட்டுவிட்டு வருவாள்.

ஒருநாள் காலை கீழே வீட்டுக்கார அக்காவின் குரல் கேட்டது. அவர் சொந்த ஊரே இருங்காட்டுக்கோட்டைதான். எல்லோரையும் அதட்டுவார், எல்லோருக்கும் மோர் கொடுப்பார்.

"இன்னாமே, டெய்லி நீயே தூக்கிகினு போற? மேல கீறவளுக்குக் கை இல்லியா?"

தென்காசிக்காரியின் பதில் சத்தமாகவே வந்தது. "அவ பரிச்சைக்குப் படிச்சிட்டிருக்காக்கா. பாஸானா உங்க வீட்டுல இருந்து ஒரு ஆபீசரு போவா."

"ஆமா, ஆபீசரு வந்து எனக்கு வாடகை ஏத்திக் குடுக்கப் போறா."

இருவரும் சிரித்தார்கள். நான் மேலே புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து இறங்கிப்போய்க் குடத்தை வாங்கியிருக்கலாம். வாங்கினால், படிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும். அவள் படியேறும் சத்தம் கேட்டது. வாசலில் நிழல் விழுந்ததும் ஒரு பக்கம் திருப்பினேன்.

அந்த விரல் அசைவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

தவக்காலம் தொடங்கியிருந்தது. நான் வெள்ளிக்கிழமைகளில் கறி சாப்பிடாமல் இருந்தேன், அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன் என்று. தேர்வுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு ஞாயிறு மத்தியானம் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றதும் எல்லோரும் கதவோரம் நகர்ந்து உட்கார்ந்தோம். ஆரணிக்காரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மேடம்" என்றாள், "ஒரு கத சொல்லு. வெக்கை தாங்கல."

"என்ன கதை?"

"அதான், இப்பப் படிக்கிறல்ல, அதுல இருந்து."

துப்பட்டாவால் விசிறிக்கொண்டேன். "இது அப்படி இல்லடி. கணக்கு. சொல்ல முடியாது."

"கம்பெனிச் சட்டத்தயே மாமியார் கதையா சொன்னவ நீ."

"தர அளவுன்னு ஒண்ணு இருக்கு" என்று தொடங்கினேன். முன்னுரையில் படித்தது. "வாடிக்கையாளரோட தேவைய..." அதற்குமேல் ஒன்றும் இல்லை. முன்னுரை அங்கே முடியவில்லை, ஆனால் நான் அங்கேதான் எப்போதும் போனை எடுப்பேன். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். கீரைத் தண்டு முறியும் சத்தம் மட்டும்.

ஆரணிக்காரி குனிந்த தலை நிமிராமல், "சரி வுடு. கரண்ட் வரட்டும்" என்றாள்.

அவள் குரலில் ஆச்சரியமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. நான் தென்காசிக்காரியைப் பார்த்தேன். அவள் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

ஆரணிக்காரி கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கடி. தெரியுமா?"

"தெரியாமயா இருக்கும்?" என்றாள் தென்காசிக்காரி. "ஒரு கத வரலியே உங்கிட்ட இருந்து. பொங்கலுக்கு அப்புறம் ஒண்ணு கூட வரல. முன்ன எல்லாம் வாயே மூடாது ஒனக்கு. சோத்துல கைய வச்சிக்கிட்டே சொல்லுவ."

"அப்புறம் ஏன் தண்ணி தூக்குன?"

"நாளைக்கி ஆரம்பிச்சிருவன்னு நெனச்சேன்." கோரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் நெனச்சேன்."

நான் அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும். என் திமிர் வேறு வழியில் போயிற்று. எழுந்து நின்றேன். "நாளைக்கே லீடர்கிட்ட சொல்றேன். என் பேர எடுத்துட்டு உன் பேர் போடச் சொல்றேன். இன்னும் டைம் இருக்கு. நீ எழுது."

அவள் முகம் மாறியது. அவ்வளவு கோபமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

"எதுக்குட்டி? நீ தின்னாம ஊசப்போட்டத எனக்குத் தாரியா? அன்னைக்கே கேட்டிருந்தா நானும் படிச்சிருப்பேன். இப்ப இருக்க நாளுக்குள்ள நான் என்னத்தப் படிக்க? நான் போய் தோத்துட்டு வரணும், நீ பெருந்தன்மையா விட்டுக் குடுத்தவன்னு பேர் வாங்கணும், அப்படித்தானே?"

நான் அப்படி நினைக்கவில்லை. அல்லது நினைத்தேனா? அவள் சொல்லி முடித்ததும் எனக்கே தெரியவில்லை.

"நீதான் எழுதணும்" என்றாள். "தோத்தாலும் நீயே தோத்துட்டு வா."

அன்று மாலை கரண்ட் வந்த பிறகு என் பாயை மூலையிலிருந்து எடுத்துக் கதவோரம் போட்டேன். அவள் தன் பாயை மூலைக்கு மாற்றிக்கொண்டாள். மறுநாள் என் முறை. மோட்டார் சத்தம் கேட்டதும் குடத்தோடு இறங்கினேன். மூன்று வருடமாகத் தண்ணீர் தூக்காத கை. முதல் மாடித் திருப்பத்தில் பாதித் தண்ணீர் என் மேலேயே சிந்தியது. வீட்டுக்கார அக்கா கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆபீசரு, குளிச்சிகினே ஏர்றியா?"

தேர்வு வரை இருந்த நாட்களில் படித்தேன். கதவோரம், எல்லோரும் மிதித்துப் போகும் இடத்தில். ஓரளவு ஏறியது. எழுத்துத் தேர்வில் நான் மோசமாக எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன். நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், "டிகிரிக்கு அப்புறம் என்ன படிச்சீங்க?" என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. நான் டிகிரியைப் பற்றியே பதில் சொன்னேன். வேலை செய்துகொண்டே படித்தது, மூன்றாவது முறை தேறியது, வீட்டில் முதல் ஆள் என்பது. நன்றாகத்தான் சொன்னேன், எத்தனையோ முறை சொல்லிப் பழகிய கதை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது முடிஞ்சதும்மா. அதுக்கு அப்புறம்?" என்றார்.

எனக்குக் கிடைக்கவில்லை. வேறு லைனிலிருந்து ஒருத்தி போனாள். லீடர் அண்ணன் திட்டவில்லை. "பரவால்ல மேடம்" என்றார். அந்த 'மேடம்' மட்டும் குத்தியது.

தென்காசிக்காரியிடம் சொன்னேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். கஞ்சியை ஓரமாக வைத்தாள். பிறகு, "ஜூனுக்கு அப்புறம் ஒரகடத்துல ஆள் எடுக்காங்களாம். காண்ட்ராக்ட்லதான். ரெண்டு பேரும் போய்ப் பாப்பமா?" என்றாள். அவள் அப்படிக் கேட்டது திட்டியதைவிடக் கனமாக இருந்தது. அவள் எழுதியிருந்தால் ஒருவேளை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இதை நான் அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லி அவளை எனக்கு ஆறுதல் சொல்லவைக்க விருப்பமில்லை.

மே மாதம் எங்கள் ஊர் மாதா கோவில் திருவிழாவுக்குப் போனேன். வீட்டில் தோல்வியைச் சொல்லியிருக்கவில்லை. தேர்வு எழுதியதே அவர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உள்ளே நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தேன். மாதா படம். பக்கத்தில் கறுப்பு அங்கியில் நான். என் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், புதிதாக இன்னொரு ஆணி. அதில் அப்பாவின் துண்டு தொங்கியது.

அப்பா என் பார்வையைக் கவனித்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர்போல ஓடிவந்து துண்டை எடுத்தார். "சும்மாதான் மாட்டினேன். இது உனக்குத்தாம்மா."

எனக்குத் தலை குனிந்துபோயிற்று. அடுத்த படிப்புக்கு, அடுத்த படத்துக்கு இவர் ஆணி அடித்துவைத்திருக்கிறார். நானோ ஒரு முன்னுரையைத் தாண்டவில்லை. இதற்குமேல் மறைத்தால் அது வேறு ஏதோ ஆகிவிடும் என்று தோன்றியது.

"அப்பா, எனக்கு அந்த வேல கெடைக்கல. நான் படிக்கல. புத்தகத்த வச்சிக்கினு சும்மா உக்காந்திருந்தேன். ரெண்டு மாசமா."

அப்பா புரியாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து முந்தானையில் கை துடைத்தாள்.

"இன்னும் என்னாத்தப் படிக்கிறது?" என்றார் அப்பா. "அதான் படிச்சி முடிச்சிட்டியே."

"அப்ப இந்த ஆணி?"

"அது கல்யாண போட்டோவுக்கு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். "ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்னு உங்கப்பாதான் சொன்னாரு."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இவர்கள் என்னிடம் எதையும் எதிர்பார்த்து ஏமாறவில்லை. உடனே அந்த நிம்மதியை நினைத்து வெட்கம் வந்தது. கோபப்படவும் முடியவில்லை. அவர்கள் பார்த்த பலகையில் எண் பச்சையாகிவிட்டது. மகள் படித்துவிட்டாள், இனி கை தளரலாம். மேலே இன்னும் இருக்கிறது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்தும் நின்றவளும் நான்தான்.

அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். வியர்வையும் சிமெண்டும் கலந்த வாசனை. ஆணியில் மறுபடி மாட்டினேன்.

"இங்கயே மாட்டுப்பா" என்றேன்.

"எது வரைக்கும்?" என்றாள் அம்மா. சிரிப்பு நின்றிருந்தது.

"தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை. டிகிரி முடிக்கிறவரை என்று சொன்ன காலத்தில் என் குரல் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறது. இப்போது சொல்ல எனக்கு அப்படி ஒரு தேதி இல்லை. இரண்டு நாள் கழித்துக் கிளம்பினேன். அப்பா பஸ் நிறுத்தம் வரை வந்தார், தோளில் அந்தத் துண்டோடு.

இப்போது ஒரகடத்தில் அதே மாதிரி வேலை, அதே மாதிரி பலகை. அறை மட்டும் பழைய அறைதான். கம்பிச் சுருள் புத்தகத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. போன வாரம் அதில் முதல் பாடத்தை முடித்தேன். எந்தத் தேர்வும் இல்லை. மறுநாள் காலை சமையல் நேரத்தில், கீழே மோட்டார் ஓடத் தொடங்கியபோது, சொல்ல வாயெடுத்தேன். மூலையில் படுத்திருந்த தென்காசிக்காரி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"மொதல்ல தண்ணியப் பிடிச்சிட்டு வா. இன்னைக்கி உன் முறை."

குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.